நானூறு லீட்டர் கடலும் அக்காவின் ஒரு பிடி உப்பும்

1

எங்கள் வீட்டு வரவேற்பறையில் நானூறு லீட்டர் கடல் இருக்கிறது. பதுளைப் பக்கத்து ஆள் ஒருவனுக்கு இது கொஞ்சம் கூடுதல்தான். மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த எனக்குத் தண்ணீர் என்றால் மலையூற்றுப் பீலிக் குழாயில் கொட்டுவது, ஆற்றில் ஓடுவது, வானத்திலிருந்து மாதக்கணக்கில் விழுவது. இந்த மூன்றிலும் உப்பு கிடையாது. கடலை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. நேர்முகத் தேர்வு ஒன்றுக்காகக் கொழும்புக்குப் போனவன், அது முடிந்ததும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காலிமுகத்திடலில் அரை மணி நேரம் நின்றேன். வேலை கிடைக்கவில்லை. காற்சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

இப்போது குடியிருப்பது கனடாவின் எட்மண்டன் நகரத்தில். இங்கிருந்து கடலுக்குப் போவதென்றால் ஒரு பகல் முழுக்க மலைகளைத் தாண்டிக் கார் ஓட்ட வேண்டும். பிறந்த ஊரிலும் கடல் இல்லை, பிழைக்க வந்த ஊரிலும் கடல் இல்லை. அப்படிப்பட்டவன் வீட்டுக்குள் எதற்காகக் கடலை வைத்திருக்கிறான் என்று கேட்பீர்கள். நீங்கள் கேட்க வேண்டியது என்னையல்ல, என் மகளை.

மதுஷாவுக்குப் பதினேழு வயது. இரண்டு வருடங்களுக்கு முன் நாய்க்குட்டி கேட்டாள். அவள் அம்மாவுக்கு நாய்முடி ஒத்துக்கொள்ளாது என்றோம். பூனை கேட்டாள். அதே பதில். "சரி, மீன்?" என்றாள். மீனுக்கு முடியில்லையே என்று நானும் அவசரப்பட்டுத் தலையாட்டிவிட்டேன். என் மனதில் இருந்தது ஒரு கண்ணாடிச் சாடி, அதற்குள் இரண்டு தங்கமீன். அவள் மனதில் இருந்தது நான்கடி நீளத் தொட்டி, கடற்பாறைகள், பவளங்கள், அலை எழுப்பும் மோட்டார், நீல விளக்கு, மூட்டை மூட்டையாகக் கடலுப்பு. எல்லாம் வந்து இறங்கிய பிறகு என் சோபா வாசற்கதவுப் பக்கம் போய்விட்டது. இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. விருந்தாளிகள் உட்கார்ந்தால் கதவைத் திறக்க முடியாது.

எல்லா மீனுக்கும் பிறகு கடைசியாக வந்தது ஏஞ்சல் மீன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முதுகும் வாலும் மைநீலம், விலாப்பக்கம் ஆரஞ்சு. அதை விற்ற கடைக்காரர் எங்களை எச்சரித்துத்தான் கொடுத்தார். இந்த வகை பவளத்தைக் கொத்தினாலும் கொத்தும், கொத்தாமலும் இருக்கும், அது அந்தந்த மீனின் குணத்தைப் பொறுத்தது, உங்கள் அதிர்ஷ்டம் என்றார். பவளம் என்பது கல்லல்ல, உயிருள்ள பிராணி என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "எந்தக் கடலில் பிடித்தது?" என்று கேட்டேன். இந்து சமுத்திரம், அநேகமாக இலங்கைப் பக்கம் என்றார். அவர் வியாபாரத்துக்காகச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் எனக்கு அந்த மீன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

2

தொட்டியைப் பற்றி எழுதுவதற்கு முன் வீட்டைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மதுஷா சிறுமியாக இருந்தபோது வாய் ஓயாமல் பேசுவாள். பதின்மூன்று வயதில் யாரோ குழாயை மூடியதுபோல் நின்றுவிட்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்வாள். பள்ளிக்கூடம் எப்படி? பரவாயில்லை. சாப்பாடு? பிறகு. நண்பர்கள்? தோளைக் குலுக்குவாள். தோள் குலுக்கலுக்கு மேல் என்ன கேட்பது? நான் வேலை பார்ப்பது ஒரு பள்ளிக்கூடத்தின் கொதிகலன் அறையில். அங்கே இயந்திரங்கள்கூட என்னோடு இவளைவிட அதிகமாகப் பேசும்.

தொட்டி வந்தபிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இருவருக்கும் ஒரு வேலை கிடைத்தது. பழைய தண்ணீரில் ஒரு பங்கை இறக்கிவிட்டு, நிலவறையில் ஒரு நீலப் பீப்பாயில் கலக்கி வைத்திருக்கும் உப்புத் தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். தூக்குவது நான். அளப்பது, சோதிப்பது, ஏசுவது அவள். "அப்பா, வாளி." "அப்பா, மெதுவா." "அப்பா, அங்கே பார், ஹேமர் இன்னைக்கு நல்லா விரிஞ்சிருக்கு." ஹேமர் என்பது அவளுடைய செல்லப் பவளம். சுத்தியல் தலைபோல முனையுள்ள பச்சை விரல்கள் நூறு, அலையில் ஆடிக்கொண்டிருக்கும். அதைக் காட்டுகிற அவசரத்தில் அவளுக்குத் தமிழ் தானாக வரும். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் வாரம் முழுவதும் காத்திருப்பேன் என்பது அவளுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிவிட வேண்டாம்.

3

என் ஒரே அக்கா பாக்கியம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அப்பா இறந்தபோது அவளுக்குப் பதினாறு. அந்த மாதமே பாடசாலையை விட்டுவிட்டுத் தோட்டத்தில் பேர் பதிந்து மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள். நான் பதுளைக்குப் போய்த் தங்கிப் படித்தேன். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை, ஊரில் இந்தக் கதை வீட்டுக்கு வீடு உண்டு.

அவளை ஒருதரம் இங்கே கூட்டிவர வேண்டும் என்று பல வருடமாக முயன்றேன். விசாப் படிவத்தில் வீட்டு இலக்கம், வீதியின் பெயர் என்று இரண்டு கட்டங்கள். லயத்துக்கு ஏது வீதி? மூன்றாம் நம்பர் லயம், ஐந்தாம் காம்பிரா, அதாவது ஐந்தாவது அறை, கடிதம் போனால் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அதை அப்படியே எழுதினேன். முகவரி முழுமையாக இல்லை என்று திரும்பி வந்தது. அடுத்தமுறை ஆபீசின் முகவரியைக் கொடுத்தேன். இது வேலைத்தலத்தின் முகவரி, விண்ணப்பதாரி எங்கே உறங்குகிறார் என்று கேட்டார்கள். பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம். இரண்டும் ஒரே பாக்கியம்தான் என்று சத்தியக் கடதாசி எழுதி, மொழிபெயர்த்து, முத்திரை குத்தி அனுப்பினோம். அதே இலங்கைப் பக்கத்திலிருந்து ஏஞ்சல் மீன் ஒரு பையில், கொஞ்சத் தண்ணீரோடு, ஒரு கேள்வியும் இல்லாமல் வந்து இறங்கிவிட்டது.

மூன்றாவது முயற்சியில் விசா கிடைத்தது. மூன்று மாதம் தங்குவதாக ஏற்பாடு. டிசம்பர் தொடக்கத்தில், வெளியே உறைநிலைக்குக் கீழே இருபத்தெட்டுப் பாகைக் குளிரில், மூன்று சுவெட்டரும் அதற்குமேல் சேலையும் உடுத்து அக்கா வந்து இறங்கினாள். விமான நிலையக் கதவு திறந்ததும் ஒரு மூச்சு இழுத்தாள். இருமினாள்.

"என்னடா தம்பி, நொவரெலியா குளுருன்னு சொன்ன? இது ஐஸ் பொட்டிக்குள்ளல்ல குடியிருக்கீங்க."

4

அக்கா விமானத்திலிருந்துதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தாளாம். "மேலயிருந்து பாத்தா தகரம் விரிச்சாப்புல இருக்கு, ஒண்ணும் விளங்கல" என்றாள். எங்கள் வரவேற்பறையில்தான் அவளுக்கு அது விளங்கியது. வந்த இரண்டாம் நாளே ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். வெளியே போக முடியாது, தொலைக்காட்சி புரியாது, எங்கள் அடுப்பைப் பார்த்தால் பயம். மீன் மட்டும்தான் அவளுக்கு வாகாக இருந்தது.

அவள் ஒன்றைச் சும்மா பார்க்கிறவள் அல்ல. நாலு நாளில் எந்த இறால் எந்தப் பொந்தில் படுக்கும், எந்த நத்தை எத்தனை மணிக்குக் கண்ணாடியில் ஏறும் என்று எல்லாம் சொன்னாள். ஏஞ்சல் மீன் பாறையில் ஒட்டியிருக்கும் பாசியை நாள் முழுக்கத் துளித்துளியாகக் கொத்திக்கொண்டே இருக்கும். இன்னொரு மீன் கொஞ்சம் சோம்பி நின்றால் கிட்டே போய் ஒரு முறை முறைக்கும்.

"இது கங்காணி" என்றாள் அக்கா. "பாரு, ஒருத்தர நிக்க விடுதா?"

மதுஷா அந்த மீனுக்கு ஏதோ ஆங்கிலப் பெயர் வைத்திருந்தாள். கங்காணி என்றால் என்ன என்று கேட்டாள். வேலையாட்களை மேய்க்கிறவர் என்று விளக்கினேன். வாய்விட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் அது கங்காணிதான்.

ஒருநாள் மதுஷா மாடியிலிருந்து, "அத்தை, நீ சாப்பிட்டியா?" என்று கத்தினாள். பெரியவர்களை நீ என்று சொல்லக் கூடாது என்று நான் திருத்தப் போனேன். அக்கா என்னைத் தடுத்துவிட்டாள். "விடுடா. வாங்க போங்கன்னா கொழுந்து நிறுக்குற ஐயாவக் கூப்புடுறாப்புல இருக்கு. நீன்னு சொல்லட்டும், எனக்கு அதான் நல்லாருக்கு."

இப்படியாக டிசம்பர் போனது. நான் இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவ்வளவு சந்தோஷமான மாதம் இன்னொன்று இருந்ததாக நினைவில்லை.

5

ஜனவரியில் மதுஷாவுக்குப் பரீட்சை. பல்கலைக்கழகத்துக்குப் போவதற்குக் கணக்கில் எடுக்கும் பரீட்சை என்பதால் அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பரீட்சை முடியும்வரை நிறுத்திவைத்தாள். மீனுக்குத் தீனி போடுவதை அத்தையிடம் ஒப்படைத்தாள். என்னிடம், "அப்பா, தண்ணி குறைஞ்சா ஊத்து" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், நானும் அவ்வளவுதான் கேட்டேன்.

குளிர்காலத்தில் இங்கே வீட்டைச் சூடாக்கும் காற்று எதையும் உலர்த்திவிடும். ஒரு நாளைக்கு நாலு லீட்டர் தண்ணீர் ஆவியாகும். நான் காலையில் வேலைக்குப் போகுமுன் நிலவறைக்குப் போய், நீலப் பீப்பாயிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்து, கோடுவரை நிரப்பிவிட்டுப் போவேன். இரண்டு வாரம் ஒரு நாள் தவறவில்லை. எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

இரண்டாவது வாரக் கடைசியில் ஹேமர் சரியாக விரியவில்லை. விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. கங்காணியும் பாறைக்கு அடியில் ஒதுங்கி, செவுள் படபடவென்று அடிக்க, தீனிக்கு வராமல் நின்றது. அது பவளத்தைக் கொத்தத் தொடங்கிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். மதுஷாவிடம் சொன்னால் படிப்புக் கெடும் என்று சொல்லவில்லை. மீனுக்குத் தீனி போடுகிறவள் என்ற முறையில் அக்காவுக்கு என்னைவிடக் கவலை. கதிரையை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் மனைவி வேலைக்குப் போயிருந்தாள், நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "அட்டை! அட்டைடா!" என்று ஒரு சத்தம். அக்கா புயலாக உள்ளே வந்தாள், மேசையிலிருந்த உப்புப் போத்தலைத் திறந்து ஒரு பிடி அள்ளினாள், போய்விட்டாள். நான் கத்தியோடு பின்னால் ஓடினேன். அதற்குள் தொட்டியின் மூடியைத் தூக்கி, ஹேமரின் தலையிலேயே அந்த உப்பைக் கொட்டியிருந்தாள்.

அவள் அட்டை என்று கத்தியது பாறைப் பொந்துகளில் குடியிருக்கும் ஒருவகைப் புழுவைப் பார்த்து. மிச்சத் தீனியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும். யாருக்கும் கெடுதல் இல்லாத பிராணி. விளக்கு மங்கும் நேரத்தில் வெளியே வந்து பவளத்தின் ஓரமாக ஊர்ந்திருக்கிறது. முப்பத்தேழு வருடம் மழையில் மலையேறிய ஒருத்தியின் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்? அட்டைக்கு மருந்து உப்பு. அவள் யோசிக்கவே இல்லை, கை யோசித்தது. அவள் உப்புப் போட்ட இடம் கடல் என்பதுகூட அவளுக்கு அப்போது நினைவில்லை.

இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளை உப்பு விரல்களின்மேல் பனிபோல விழுந்து கரைய, ஹேமர் சுருங்கி எலும்புக்கூட்டோடு ஒட்டிக்கொண்டது. என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போயிற்று என்றுதான் எனக்குப் பட்டது.

"அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினேன். "நாலெழுத்துப் படிச்சிருந்தா இப்படிச் செய்வியா?"

6

சொல்லி முடித்த மறுகணம் அந்தச் சொல்லை எப்படியாவது திரும்ப எடுத்துவிட வேண்டும்போல் இருந்தது. எப்படி எடுப்பது? அக்கா உப்பு ஒட்டிய கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். மூடியைத் தன் இடத்தில் வைத்தாள். கதிரையைச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

சிறிது நேரம் கழித்துப் போய் எட்டிப் பார்த்தேன். கட்டிலில் பெட்டி திறந்திருந்தது. சேலைகளை மடித்து உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டிக்கெட்ட மாத்திக் குடு தம்பி. நான் போறேன்."

"இன்னும் ஆறு வாரம் இருக்கேக்கா."

"இருந்தா இன்னும் எதையாச்சும் கெடுத்துருவேன். புள்ளைக்கு வேற பரீட்ச. அவ மொகத்துல எப்புடி முழிப்பேன்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். கடைக்குப் போய்வருகிறேன் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். மூன்று தடவை விண்ணப்பித்து, பல வருடம் காத்திருந்து கூட்டிவந்தவளை நானே ஒரு வாக்கியத்தில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

7

சத்தம் கேட்டு மதுஷா கீழே வந்திருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அத்தை உப்பைக் கொட்டிவிட்டாள், ஹேமர் போய்விட்டது என்றேன். அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. இழுப்பறையிலிருந்து உப்பளவு பார்க்கும் கருவியை எடுத்து, தொட்டித் தண்ணீரில் ஒரு துளியை அதன்மேல் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். துடைத்துவிட்டு இன்னொருமுறை பார்த்தாள்.

"அப்பா, முப்பத்தஞ்சு இருக்கணும். நாப்பது காட்டுது."

"ஒரு பிடி உப்புல்ல போட்டிருக்கா."

"நானூறு லீட்டர்ல ஒரு பிடி ஒண்ணுமே இல்ல, அப்பா. கோடு அசையாது. ஹேமர் மேல விழுந்த இடம் கொஞ்சம் எரிஞ்சிருக்கும், அவ்வளவுதான்." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ எதுல இருந்து ஊத்தின?"

"நீலப் பீப்பாயிலிருந்துதான். ஞாயிற்றுக்கிழமை ஊத்துற அதே தண்ணி."

கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்கு விளக்கினாள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் அன்றாடம் குறைவதற்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அது பீப்பாய்க்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைக் கலனில் இருக்கிறது. நானோ பதினாலு நாளாக உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கடலைக் காய்ச்சியிருக்கிறேன். கடல் குறைந்தால் கடலைத்தானே ஊற்ற வேண்டும் என்பது என் கணக்கு. கடற்கரையில் பிறந்த எந்தச் சின்னப் பிள்ளையும் அப்படி ஒரு கணக்குப் போட்டிருக்காது. கங்காணி மூச்சு வாங்கியதும் ஹேமர் சுருண்டதும் என்னால்.

அன்று பின்னேரமே நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கத் தொடங்கினோம். ஒரேயடியாகக் குறைத்தால் மீனுக்குத் தாங்காது, நாலைந்து நாள் எடுக்க வேண்டும் என்றாள். அவள் சொன்னபடியே நடந்தது. இதை எழுதும்போது கங்காணி முன்போலவே ஊரை மேய்க்கிறது. ஹேமரில் உப்புப் பட்ட இரண்டு கொத்து விரல்கள் போய்விட்டன, மற்றவை விரிந்திருக்கின்றன.

ஆனால் அன்று அந்த நேரத்தில் எனக்கு மீனும் பவளமும் பெரிதாகப் படவில்லை.

"நீயே போய் அத்தைகிட்டச் சொல்லேன்," என்று மகளிடம் கெஞ்சினேன். "உப்பால ஒண்ணும் ஆகலன்னு சொல்லு. நீ சொன்னா கேப்பா."

மதுஷா கருவியைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள், மாட்டேன் என்று.

"ஏசினது நீ. நீதான் சொல்லணும், அப்பா."

முழு வாக்கியம், முழுத் தமிழ். என்னைவிட்டு விலகிப் போகிறாள் என்று நான் பயந்துகொண்டிருந்த பிள்ளை, என்னைத் தோளில் பிடித்து அந்த அறைப் பக்கம் திருப்பிவிட்டாள்.

8

பெட்டி அநேகமாக நிறைந்திருந்தது. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கீழே, தரையில் உட்கார்ந்தேன். எங்கே தொடங்குவதென்று தெரியாமல் பீப்பாயிலிருந்து தொடங்கினேன். வாளி, ஆவி, முப்பத்தைந்து, நாற்பது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவளுக்கு அதில் பாதிகூட விளங்கியிருக்காது. கடைசியில் எல்லாக் கணக்கையும் விட்டுவிட்டு, "உன்மேல ஒரு தப்பும் இல்லக்கா. கெடுத்தது நான்தான். கெடுத்ததும் இல்லாம உன்னைப் போய் அந்த வார்த்தை சொல்லிட்டேன். என் படிப்புக்காகத்தானே நீ பள்ளிக்கூடத்த விட்ட. என்னை மன்னிச்சிரு" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். மீனைப் பார்ப்பதுபோல, அசையாமல்.

"முப்பத்தேழு வருசம் மலையில நின்னேன்டா" என்றாள். "கங்காணி ஏசியிருக்கான். கணக்கப்புள்ள ஏசியிருக்காரு. தொரையும் ஏசியிருக்காரு. கொழுந்து கொறஞ்சாலும் நான்தான், மழ பேஞ்சாலும் நான்தான். தப்பு அவங்க மேலதான்னு பின்னாடி தெரிஞ்சப்பவும், ஒருத்தன்கூட திரும்பி வந்து, 'பாக்கியம், அது என் தப்பு'ன்னு சொன்னதில்ல. இன்னிக்குத்தான் ஒரு ஆளு வந்து சொல்லுது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் குனிந்து என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இம்புட்டுப் படிச்சதுக்கு அதாச்சும் வந்துச்சேடா" என்று சொல்லிவிட்டு எழுந்து, மடித்து வைத்த சேலைகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.